ஃப்ளை ஃபிஷிங் பழகப் போகிறீர்களா? ரீலை விடுங்கள், முதலில் லைனைப் பாருங்கள்

"அண்ணே, ஃப்ளை ஃபிஷிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த ராடு வாங்கட்டும், எந்த ரீல் நல்லது?" என்று இங்கே சிங்கப்பூரில் எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி மெசேஜ் வரும். கூடவே ஒரு படமும் வரும், படத்தில் பளபளவென்று ஒரு ரீல் இருக்கும். எந்த லைன் வாங்கலாம் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆசையாக ஆரம்பித்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று ராடைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் குறை இல்லை. கடையில் செட்டோடு சேர்த்துக் கொடுத்த லைன்தான் கழுத்தை அறுத்தது.

ஏன் லைன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நாம் சின்ன வயதில் பிடித்துப் பழகிய சாதாரண ஸ்பின்னிங் ராடில் எடை என்பது முனையில் இருக்கிறது. ஈயக்குண்டோ லூரோ, அதை வீசுகிறோம், அது மெல்லிய நரம்பை, அதாவது தூண்டில் இழையை, தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை அப்படி இல்லை. முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சி அது, அல்லது பொய்க் குட்டிமீன். பல ஃப்ளைகள் ஒரு கிராம்கூடத் தேறாது. கையில் எடுத்து எறிந்தால் காலடியில் விழும். அதனால் எடையை லைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தடித்த, பிளாஸ்டிக் பூச்சு போட்ட, 90 அல்லது 100 அடி நீள லைன். நாம் வீசுவது அந்த லைனைத்தான், ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இந்த லைன்களுக்கு எண் உண்டு. முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்துக் கொடுக்கிற எண் அது. 5ஆம் எண் என்றால் 140 கிரெயின், நம் கணக்கில் ஏறக்குறைய 9 கிராம். 7ஆம் எண் 185 கிரெயின், அதாவது 12 கிராம். 8ஆம் எண் 210 கிரெயின், 13.6 கிராம். ராடின் மேலும் இதே எண்ணைத்தான் எழுதியிருப்பார்கள், 7ஆம் எண் ராடுக்கு 7ஆம் எண் லைன். ராடு வளைவதற்கு அந்த எடை வேண்டும். எடை குறைந்தால் ராடு கட்டை மாதிரி விறைத்து நிற்கும், கூடினால் துவண்டுபோகும்.

இப்போது பிரச்சினை எங்கே வருகிறதென்றால், இணையத்தில் ஆரம்பக்காரர்களுக்கென்று இருக்கிற வீடியோவெல்லாம் பெரும்பாலும் டிரவுட் மீன் பிடிக்கிற ஊர்க்காரர்கள் எடுத்தவை. டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது இருக்கிறதென்றால், மலைத்தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான், அவ்வளவுதான். அந்த வீடியோக்கள் எல்லாமே 9 அடி, 5ஆம் எண் ராடு, குளிர்த்தண்ணீர் லைன் என்றுதான் சொல்லும். கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுப்பார். குளிர்த்தண்ணீருக்கென்று செய்த லைனை நம் வெயிலில், மத்தியானம் மூன்று மணிக்கு, சூடேறிய மரத்தளத்தில் போட்டுப் பாருங்கள். மெழுகு உருகின மாதிரி தளதளவென்று ஆகிவிடும், ராடு வளையங்களில் ஒட்டும், பத்து மீட்டர் போகவேண்டியது ஐந்தில் நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

வெப்பமண்டல லைன் என்று தனியாக விற்கிறார்கள். உள்நரம்பும் மேற்பூச்சும் விறைப்பானவை, சூட்டில் தளராது. அதையே ஐரோப்பாவில் ஒரு குளிர்ந்த ஆற்றுக்குக் கொண்டுபோனால் கம்பிச்சுருள் மாதிரி சுருண்டுகொண்டு உயிரை வாங்கும், அது வேறு விஷயம். பெட்டியில் WF, அடுத்து எண், அடுத்து F என்று மூன்றும் சேர்ந்து எழுதியிருக்கும். முதலாவது, முன்பக்கம் எடை கூடின லைன் என்று அர்த்தம். கடைசி எழுத்து, மிதக்கும் லைன். முதல் லைன் இதுவாகவே இருக்கட்டும். மூழ்கும் லைன், பாதி மூழ்கும் லைன் எல்லாம் பிறகு. நல்ல வெப்பமண்டல லைன் 100 வெள்ளியைத் தாண்டும், வயிறு எரியத்தான் செய்யும், ஆனாலும் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ரீல். நீர்த்தேக்கத்தில் பீகாக் பாஸ் என்கிற வேட்டை மீனைப் பிடிக்கிறவருக்கு ரீலின் வேலை லைனைச் சுற்றி வைத்திருப்பது, கிட்டத்தட்ட அவ்வளவே. மீனைக் கையால் லைனை இழுத்தே கொண்டுவந்துவிடலாம். கடலுக்குப் போகிறவர்கள் கதை வேறு, அங்கே தாலாங் என்கிற கடல்மீன் ஒன்று மாட்டிக்கொண்டு ஓடினால் ரீலின் பிரேக் வழுவழுப்பாகவும் உப்பு உள்ளே போகாத மாதிரி மூடியும் இருக்க வேண்டும். லைனுக்குப் பின்னால் பேக்கிங் என்று பின்னல் நூல் கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள், 20 பவுண்டு தாங்குகிறது போதும், ரீலும் நிரம்பும்.

ராடு: 9 அடி, 7ஆம் எண், கார்பன், நான்கு துண்டாகப் பிரிகிறது. 6 வாங்கினாலும் தப்பில்லை, தோமான் என்கிற பெரிய விரால் வகை மேல் கண் இருந்தால் 8. நான்கு துண்டு என்பது எம்ஆர்டி ரயிலில் போகிறவருக்குக் கட்டாயம், குழாயில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டால் வரைபடம் கொண்டுபோகிற கட்டடக்கலை மாணவர் என்று நினைப்பார்கள். ரொம்ப விறைப்பான, வேகமான ராடைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். கடையில் ஆட்டிப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது எப்போது வளைகிறது என்று புதுக்கைக்குத் தெரியாது. நடுத்தரமானது சொல்லிக்கொடுக்கும். மூங்கில் ராடு, கண்ணாடியிழை ராடு எல்லாம் அழகுதான், பின்னால் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளலாம்.

லைன் தடி. அதன் முனையில் நேராக ஃப்ளையைக் கட்டினால் மீன் பார்த்துவிட்டு ஓடிவிடும். நடுவில் லீடர் வேண்டும். தடிப்பாக ஆரம்பித்துப் படிப்படியாக மெலிந்துகொண்டே போகிற நரம்பு, ஏழரை முதல் 9 அடி வரை. மெலிவதற்குக் காரணம் இருக்கிறது. கையிலிருந்து லைன் வழியாகப் போகிற விசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் லீடர் விரிந்து ஃப்ளை நேராகப் போய் விழ வேண்டும். ஒரே தடிப்பில் மெல்லிய நரம்பை 9 அடிக்குக் கட்டிப் பாருங்கள், பொத்தென்று குவியலாக விழும். கடையில் செய்தது வாங்கலாம். நான் 40 பவுண்டு நரம்பு நான்கு அடி, 25 பவுண்டு இரண்டு அடி, 15 பவுண்டு இரண்டரை அடி என்று சேர்த்து நானே கட்டிக்கொள்கிறேன், செலவும் குறைவு, அறுந்தால் மனசும் வலிக்காது. சேர்ப்பதற்கு டபுள் சர்ஜன் முடிச்சு. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்காவிட்டால் நரம்பு சூடாகி அங்கேயே பலவீனமாகும். ஃப்ளையை வளைய முடிச்சில் கட்டினால் தண்ணீரில் தாராளமாக அசையும். தண்ணீர் மேலே மிதக்கிற ஃப்ளைக்கு நைலான் நரம்பு, ஃப்ளூரோகார்பன் மூழ்கும்.

டிரவுட்காரர்கள் கடைசித் துண்டு நரம்பை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 5 எக்ஸ் என்றால் 11இல் 5 கழித்தால் 6, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு தடிப்பு. தலைகீழ்க் கணக்கு, எண் கூடக்கூட நரம்பு மெலிகிறது. நமக்கு இங்கே அது தேவையே இல்லை, பவுண்டிலேயே பேசிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மறந்துவிடுவேன், இப்போதே சொல்கிறேன். டெங்கிக்குப் பயந்து எல்லாரும் கொசு மருந்து பூசிக்கொண்டுதான் தண்ணீர்ப் பக்கம் போகிறோம். அதில் டீட் (DEET) என்கிற ரசாயனம் இருந்தால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசின கையால் லைனைத் தொட்டால் பூச்சு மெல்ல வெடிக்க ஆரம்பிக்கும். வெயில் கிரீமும் லைனுக்கு நல்லதில்லை. புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தடவிவிட்டுச் சோப்புப் போட்டு உள்ளங்கையைக் கழுவுங்கள். 100 வெள்ளி லைன், ஞாபகம் இருக்கட்டும்.

சரி, வீசுவது.

இதைத் தண்ணீரில் பழகாதீர்கள், புல்லில் பழகுங்கள். அடுக்குமாடி புளோக் பக்கத்துத் திடல் போதும். சிமெண்ட் தரையும், புளோக்கின் கீழே திறந்து கிடக்கிற வாய்ட் டெக்கும் வேண்டாம், லைனைச் சுரண்டிவிடும். முள்ளுக்குப் பதிலாக நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள், அது எங்கே விழுகிறதென்று கண்ணுக்குத் தெரியும், யார் கண்ணிலும் குத்தாது. எங்கள் பக்கத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நடக்கும், ஊரிலிருந்து வந்து வேலை செய்கிற தம்பிகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், அதனால் வார நாளில் ஏழு மணிக்கு முன் போய்விடுவது. பத்துப் பதினைந்து நிமிடம் தினமும் என்றால் கை பழகும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஆட்டினால் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

லைனை முன்னால் 9 மீட்டர் நேராகப் போட்டுக்கொள்ளுங்கள். ராடின் நுனி தரையை ஒட்டி இருக்கட்டும். கட்டைவிரல் கைப்பிடியின் மேல். லைனில் தொய்வு கூடாது, இதைத்தான் முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. தொய்வு இருந்தால் நீங்கள் ராடைத் தூக்கும்போது முதல் பாதி வீச்சு அந்தத் தொய்வை எடுப்பதற்கே செலவாகிவிடும், மீதிப் பாதியில் அவசரமாக இழுத்து எல்லாம் கெடும். மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, ராடு காதுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் வித்தை. துவைத்த வேட்டியை உதறும்போது கை ஓடிக்கொண்டே இருந்தால் துணி தொங்கும், கை நின்றால்தான் நுனி படீரென்று விரியும் இல்லையா, அதேதான் இது. லைனின் எடையில் வளைந்திருந்த ராடு, கை நின்றதும் நிமிர்கிறது, அந்த நிமிர்வுதான் லைனைப் பின்னால் அனுப்புகிறது. பலம் போடுகிறவருக்கு ராடு வளைவதும் தெரியாது, நிமிர்வதும் தெரியாது. அதனால்தான் ஜிம்முக்குப் போகிற பையன்களைவிட அவர்கள் அம்மாக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

நிறுத்தினபிறகு காத்திருக்க வேண்டும். பின்னால் போன லைன் முழுக்க விரிகிற வரை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, லைன் நீளத்தைப் பொறுத்தது. கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். எண்ணிப் பழகச் சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்வது தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள் என்று. திரும்பிப் பார்ப்பது கெட்ட பழக்கம் என்று ஒரு கட்சி இருக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பார்க்காமல் எப்படித் தெரியும் லைன் விரிந்ததா, பின்னால் யாராவது சைக்கிளில் வருகிறார்களா என்று? சீக்கிரமே முன்னால் இழுத்தால் சாட்டை சொடுக்கின சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு பல தடவை ஃப்ளையும் அறுந்து போயிருக்கும், தெரியாமல் வெறும் நரம்பை வீசிக்கொண்டிருப்பீர்கள். லேட்டானால் லைன் பின்னால் விழுந்து புல்லில் மாட்டும். முன்வீச்சும் அதேதான், வேகம் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துவது, பிறகு லைன் விழுகிறதோடு ராடையும் இறக்குவது.

கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ராடை ஆட்டு என்று பழைய பாடம் ஒன்று உண்டு. தொடக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது ராடின் நுனி நேர்கோட்டில் போகிறதா என்பதை. நேர்கோட்டில் போனால் லைன் குறுகலான வளையமாக உருண்டு போகும், காற்றைக் கிழிக்கும். நுனி வில் மாதிரி மேலே ஏறி இறங்கினால் வளையம் அகலமாகி, எதிர்காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். அகல வளையத்துக்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டு. பின்வீச்சில் மணிக்கட்டு மடங்கி ராடு முதுகுக்குப் பின்னால் சாய்கிறது. ராடின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைக்குள் நுழைத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வீசினால் சாயவே சாயாது, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நடுவில் திடீரென்று பலம் கொடுத்தால் நேரெதிர் கோளாறு வரும், லைன் தன்மேலேயே குறுக்கிட்டு லீடரில் தானாக முடிச்சு விழும். காற்று முடிச்சு என்று அதற்குப் பெயர், காற்றின் மேல் பழி போடுவதற்காக வைத்த பெயர்.

முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் இரண்டு வீச்சுக்கு மேல் போனால் ஏதாவது ஒன்று கெடும். இடது கையால் லைனை வீச்சோடு சேர்த்துச் சுண்டி இழுக்கிற டபுள் ஹால் தூரத்துக்கும் காற்றுக்கும் நல்லது, ஆனால் அடிப்படை வீச்சு கையில் உட்கார்ந்தபிறகு.

சிங்கப்பூரில் இன்னொரு நடைமுறைச் சிக்கல்: பின்னால் இடம் இருக்காது. எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்த இடத்தில் மட்டும்தான், செயற்கை இரை மட்டும்தான். மெக்ரிட்சி, பிடோக், லோயர் சிலேத்தார், கிராஞ்சி என்று இடங்கள் இருக்கின்றன, எல்லை எது என்று பலகை போட்டிருக்கும், போகிற அன்றைக்கு அவர்கள் இணையத்தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த இடங்களில் பலவற்றில் முதுகுக்குப் பின்னால் ஓட்டக்காரர்கள், குழந்தை வண்டி, செடிகொடி. அதனால் முதலில் பழக வேண்டிய இரண்டாவது வீச்சு ரோல் காஸ்ட். லைனைத் தண்ணீர்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே ராடைத் தூக்கி, லைன் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் தொப்பை மாதிரி தொங்குகிறபோது ஒரு நொடி நிறுத்தி, முன்னால் ஒரே வீச்சு. லைன் பின்னால் போகவே போகாது, தண்ணீர்மேல் உருண்டு விரியும். இதைப் புல்லில் பழக முடியாது, லைனின் முன்பகுதியைத் தண்ணீர் பிடித்துவைத்தால்தான் ராடு வளையும். பத்து மீட்டர் போகும். பீகாக் பாஸ் பல நேரம் கரை ஓரத்துத் தூண், மரக்கிளை, கல்லடுக்கு இதையெல்லாம் ஒட்டித்தான் நிற்கிறது, பத்து மீட்டரே தாராளம்.

முள்ளின் உள்பக்கம் இருக்கும் சின்னக் கூர்ப்பைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிக்கச் சுலபம், உங்கள் காதிலிருந்து எடுக்கவும் சுலபம். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசவே கூடாது, இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிற டிசம்பரிலிருந்து மார்ச் வரை திறந்த நீர்த்தேக்கங்களில் காற்று நன்றாகவே அடிக்கும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் காற்றுதான் ஆபத்து, லைனையும் முள்ளையும் தலைப்பக்கம் தள்ளும். அப்போது ராடை இடது தோளுக்கு மேல் சாய்த்து வீசலாம், இல்லையென்றால் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பின்வீச்சையே மீனுக்கு அனுப்பலாம்.

ஃப்ளைக்கு வருகிறேன். திடலில் பழகிக்கொண்டிருந்தபோது புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்து நின்று பார்த்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன். "எங்க ஊர்க் கண்மாயில விராலுக்குத் தவளையைக் குத்திப் போடுவோம்ணே, தண்ணிமேல தத்த விட்டா பளக்குனு வந்து அடிக்கும். நீங்க என்ன, பஞ்சையும் இறகையும் போடுறீங்க?" என்றார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. இங்கே ஹாருவான் என்கிறோமே, அது விரால்தான். தோமான் அதன் பெரிய பங்காளி. உயிர்த்தவளை போட நீர்த்தேக்கத்தில் அனுமதி இல்லை, ஆனால் தவளை மாதிரி தண்ணீர்மேல் தத்துகிற ஃப்ளை போடலாம். கர்க்லர் என்று ஒன்று உண்டு, அமெரிக்காவில் ஜாக் கார்ட்சைட் என்பவர் வடிவமைத்தது. ஒரு துண்டு ஃபோமை முள்ளின் மேல் மடித்துக் கட்டி முன்னால் உதடு மாதிரி நீட்டிவிட்டால் முடிந்தது, இழுக்க இழுக்கக் குளுக் குளுக்கென்று தண்ணீரைக் கிளறும். கைவினைக் கடையில் விற்கிற ஃபோம் தாளே போதும்.

தண்ணீருக்குள் ஓடுகிற ஃப்ளைக்கு என் முதல் ஓட்டு கிளவுசர் மின்னோ. பாப் கிளவுசர் என்ற பென்சில்வேனியாக்காரர் கட்டினது. இரண்டு கொத்து ரோமம், நடுவில் கொஞ்சம் மினுமினுப்பு, தலைப்பக்கம் ஈயக்கண். கண் எடையில் முள் மேல்பார்த்துத் திரும்பிக்கொள்ளும், அடியில் மாட்டுவது குறையும். இழுத்தால் முன்னால் பாயும், நிறுத்தினால் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், அந்த இறக்கத்தில்தான் மீன் அடிக்கும். அப்புறம் வூலி பக்கர், 1967இல் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர், அவரும் பென்சில்வேனியாதான், கட்டியது. எதைப் போல இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், இறாலா, அட்டையா, குட்டிமீனா, மீனே முடிவு செய்துகொள்ளட்டும். இந்த மூன்றும் நான்கைந்து நிறத்தில் இருந்தால் இங்கே ஒரு வருடம் ஓட்டிவிடலாம். கடைப் பெட்டியில் அறுபது ஃப்ளை அடுக்கி விற்பார்கள், அதில் முக்கால்வாசி டிரவுட்டுக்கான கொசு அளவுப் பூச்சிகள், நம் தண்ணீரில் குட்டித் திலாப்பியாதான் எட்டிப் பார்க்கும்.

சொந்தமாகக் கட்டுவது தனிப் பைத்தியம். ரோமானியர் காலத்திலேயே மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டு வைத்துக் கட்டி மீன் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் அடிப்படைப் பொருள் பெரிதாக மாறவில்லை. மினுமினுப்புக்குத் தனியாகப் பாக்கெட் வாங்குகிறார்கள், நான் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தையல் சாமான் விற்கிற இடத்தில் ஜரிகை நூல் வாங்கிப் பிரித்துப் போடுகிறேன், பீகாக் பாஸ் இதுவரை ஆட்சேபம் சொல்லவில்லை.

விழுந்த ஃப்ளையை இழுப்பதற்கு ரீலைச் சுற்றக்கூடாது. லைனை ராடு பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கடியில் கொடுத்து, இடது கையால் பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து இழுக்க வேண்டும். ராடின் நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, நேராக ஃப்ளையைப் பார்த்து இருக்கட்டும். பீகாக் பாஸ் பகலில் கண்ணால் வேட்டையாடுகிற மீன், துரத்துவதில் அதற்கு வெறி, வேகமாக இழுத்தால் பயப்படாது, நிறுத்தினால்தான் சந்தேகப்படும். அடித்ததும் ராடைத் தூக்காதீர்கள்! ஸ்பின்னிங் பழகினவர்களுக்கு இது கஷ்டம், கை தானாகத் தூக்கும். தூக்கினால் வளைகிற ராடு விசையைத் தின்றுவிடும், ஃப்ளையும் மீன் வாயிலிருந்து மேலே பறந்துவிடும். ராடை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையால் லைனை நீளமாக, அழுத்தமாக ஒரு இழுப்பு. முள் ஏறிவிட்டால் அப்புறம் ராடைத் தூக்கலாம். ஏறாவிட்டாலும் ஃப்ளை இரண்டடிதான் நகர்ந்திருக்கும், மீன் கண்ணெதிரிலேயே, திரும்பி வந்து அடிக்கும்.

தோமானுக்கு லீடரின் நுனியில் மெல்லிய கம்பியோ 40 பவுண்டுக்கு மேல் தடித்த நரம்போ ஒரு சாண் கட்டுங்கள், பல் அப்படி. அது தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன், தண்ணீர் புரளுகிற இடத்தைப் பார்த்து, அது போகிற திசைக்குக் கொஞ்சம் முன்னால் போட வேண்டும். சில நேரம் தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொப்பளித்துக்கொண்டே போகும், கீழே பெற்றோர் காவல் இருக்கும், எதைப் போட்டாலும் பாயும். சுலபமான மீன் என்று அதைக் குறிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, பெற்றோரை எடுத்த அடுத்த நிமிடம் குஞ்சுகள் மற்ற மீனுக்குச் சாப்பாடு.

இடி கேட்டால் உடனே ராடை இறக்கிவிட்டுக் கூரைக்கடியில் போங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், 9 அடிக் கார்பன் குச்சியைத் திறந்த தண்ணீர்க்கரையில் தூக்கிப் பிடிக்கிற வேலை இது. மழை வரட்டும் பார்க்கலாம் என்று நிற்கிறவர்களை லோயர் சிலேத்தாரில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் பதறுகிறது. இந்த ஊர் மின்னல் மழைக்குக் காத்திருப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் லைனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஓடவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அழுக்குப் பிடித்த லைன் மிதக்காது, வழுக்காது. கடலுக்குப் போனால் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ராடின் மூட்டுகளைப் பிரித்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிரிக்கவே வராது.

இங்கே கை கொஞ்சம் பழகினபிறகு மலேசியாவில் பேராக்கின் தெமெங்கோர் ஏரிப் பக்கம் ஒரு தடவை போய்வரலாம். அங்கே காலோய் என்கிற பெரிய கௌராமி இருக்கிறது, மரத்திலிருந்து விழுகிற பூச்சிக்காக மேலே வரும், ஃபோமில் கட்டின பூச்சியை அதன் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தால் பார்த்து, யோசித்து, பல தடவை வேண்டாம் என்று போய்விடும். அதற்கும் இதே 7ஆம் எண் ராடு, இதே வெப்பமண்டல லைன் போதும், லீடரை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.